தலைவர் (பொறுப்பு)

"தலைவர் இல்லாத குடும்பத்தைச் சேர்க்க இயலாது." இந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். இயற்றியவர் எங்கள் சபைச் செயலாளர், தட்டச்சு மட்டும் என்னுடையது. சபையிலுள்ள குடும்பங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யாராவது படிவத்தைத் தவறாகப் பூர்த்தி செய்தால் சிவப்பு எழுத்தில் வந்து நிற்க வேண்டிய வாக்கியம் அது. எழுதி முடித்ததும், ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க என் சொந்த விவரங்களைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒழுங்காகத்தான் வந்தது.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஹைவேயிலிருந்து உள்ளே இறங்கினால் ரப்பர் மரங்களுக்கு இடையே இருக்கிறது. நான் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வது என்றால் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது என்று ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. அம்மாவும் போன பிறகு தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் பஸ்ஸைத் தவற விட்டவள் மாதிரி இருக்கும், ஆகவே செய்துகொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது, கரண்ட் பில் என் பெயரில் வருகிறது, கிணற்று மோட்டார் பழுதானால் ஆள் கூப்பிடுவதும் நான்தான்.

செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான், அவருக்கு அல்ல. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு ஒரு சீப்பு ஏத்தன் பழத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"மோளே, நீ சும்மா வீட்டுலதான இருக்க. சபைக்க குடும்பங்கள ஒக்க கம்ப்யூட்டர்ல ஏத்தணும். கர்த்தருக்க வேலையாக்கும்."

கர்த்தருடைய வேலை என்றால் அதற்குச் சம்பளம் இல்லை என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். சரி என்று சொன்னேன். அந்தக் கோவிலில்தான் ஞானஸ்நானம் பெற்றேன், அந்தக் கோவில் வளாகத்தில்தான் சைக்கிள் பழகினேன். மேலும் பழம் நன்றாகப் பழுத்திருந்தது.

பழைய பதிவேட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். பெயர், தொழில், பிள்ளைகள், அதோடு சரி. புதிய ஏற்பாடு அப்படி இருக்கக்கூடாது, யாருக்கு என்ன சேர்க்க வேண்டுமானாலும் சேர்க்க இடம் இருக்க வேண்டும் என்று சபைக் கமிட்டி விரும்பியது. அதற்கென்றே ஒரு வகைத் தரவுத்தளம் இருக்கிறது. கட்டங்கள் கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆவணம். ஒரு கவரைத் திறந்து வைத்த மாதிரி, அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், ஒரு கவரில் இருப்பது இன்னொன்றில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. போனில் படிவத்தை நிரப்பி அனுப்பினால் அது முதலில் சர்வரில் நான் எழுதி வைத்திருக்கும் நிரலுக்கு வரும். நிரல் அதைச் சோதித்துப் பார்த்து, திருப்தியானால் தரவுத்தளத்திடம் கொடுக்கும். தரவுத்தளம் ஒரு எண்ணைக் கொடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். நிரல் என்பது கல்யாண வீட்டு வாசலில் நின்று, நீ யாருக்க மோன் என்று கேட்கும் பெரியப்பாவைப் போல. உள்ளே பந்தியில் இருக்கும் சமையல்காரருக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற செய்தி சபையில் பரவியதும் ஜனங்கள் சேர்க்க ஆரம்பித்தார்கள். கோவில் சுவரில் பதித்த கல்லில் தாத்தாவின் பெயர் இருக்கிற குடும்பங்கள் "கல்வெட்டு: ஆம்" என்று ஒன்று கேட்டு வாங்கின. கல்வெட்டு இல்லாத குடும்பங்கள், கோவில் மணியைத் தூக்கி வந்த காளை வண்டி தங்கள் வீட்டு வண்டி என்று சேர்த்தன. அந்த மணியை எத்தனை வண்டிகள் இழுத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அது மணியா மலையா என்ற சந்தேகம் வரும். ஒரு டீச்சர் "வேதாகமத்தைக் கையால் எழுதியவர்: ஆம், இருமுறை" என்று போடச் சொன்னார். ஒரு ரப்பர் வியாபாரி "மருமகன்: டாக்டர்" என்று போட்டார், மகள் அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் விசுவாசம் என்றார்.

கேரல் கேப்டன் நாயைக் கேட்டார். கேரல் என்பது கிறிஸ்துமஸுக்கு முன்னால் டிரம் அடித்து, பாட்டுப் பாடி, வீடு வீடாகப் போய் ஜெபித்து வருவது. நோட்டீஸில் கீத பவனி என்று போட்டாலும் பேச்சில் கேரல்தான். கேப்டன் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், முந்தின வருஷம் ஒரு வீட்டில் நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டவர். எந்த வீட்டில் என்ன நாய், கட்டிப் போட்டிருக்கிறதா, குணம் எப்படி என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். தரவுத்தளம் எல்லா நாய்களையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

இத்தனை தாராளத்துக்கு நடுவில் கமிட்டி ஒரே ஒரு கட்டாயம் வைத்தது. குடும்பத் தலைவர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் ஆணாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு தீர்மானம் போட்டார்கள். நான் செயலாளரிடம் கேட்டேன்.

"சார், புருஷன் மரிச்சுப்போன வீடுகளுக்கு?"

"அவருக்க பேரயே போடு. மரிச்சாலும் தலைவர் தலைவர்தான்."

"அப்ப உயிரோட இருக்காரா இல்லியான்னு ஒரு எடம் வைக்கட்டா?"

"எதுக்கு? தேவையில்லாத்த விஷயம். படிக்கியவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

இன்னொன்றும் கேட்டேன். மனைவி என்ற இடத்தில் பெரும்பாலான ஆண்கள் "திருமதி" என்று எழுதி அதன் பக்கத்தில் தங்கள் பெயரையே எழுதி அனுப்பியிருந்தார்கள். மனைவிக்கென்று தனியாகப் பெயர் வேண்டாமா என்றேன். "அது போதும், ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்லா" என்றார். எல்லாருக்கும் தெரிந்தவர்களைத்தானே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், பிறகு இந்தத் தொல்லை எதற்கு என்று நினைத்தேன். சொல்லவில்லை.

என் வீட்டு விஷயத்தில் அவர் மிகவும் ஒத்தாசையாக இருந்தார். முதலில் என் அப்பாவைத் தலைவராகப் போடச் சொன்னார். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், வாழ்நாள் முழுக்கக் கம்பத்தில் ஏறியவர். அவர் ஓய்ந்து படுத்திருக்கட்டும், மறுபடியும் வேலைக்குக் கூப்பிட வேண்டாம் என்றேன். அப்படியானால் கத்தாரில் இருக்கும் தம்பியைப் போடு என்றார். அவன் ஏற்கெனவே அவன் மனைவியின் ஊரில், நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சபையில் தலைவராக இருந்து கொண்டிருக்கிறான். ஒரு ஆள் இரண்டு இடத்தில் தலைவராக இருப்பது அரசியலில்தான் நடக்கும்.

"பின்ன ஒன்ன எப்படிச் சேக்கியது?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டார்.

"நான்தான் இருக்கேன்ல்லா சார். என்னையச் சேருங்க."

"நீ இருக்க. அது செரி. ஆனா நீ குடும்பம் இல்லியே."

அவர் அதை மோசமாகச் சொல்லவில்லை. மழை பெய்யுது என்று சொல்வது மாதிரி சொன்னார். அதனால்தான் எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சர்வரின் சாவி என்னிடம்தான் இருந்தது, நிரலைத் தாண்டி நேராகத் தரவுத்தளத்தில் என் ஆவணத்தைத் தள்ளிவிட ஒரு வரி போதும். கல்வெட்டும் காளை வண்டியும் நாயும் எப்படிப் போயினவோ, அதே வாசல் வழியாக நானும் போக வேண்டும் என்று நினைத்தேன். பின்வாசல் வழியாகப் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நல்ல முடிவு என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் அப்போது அது ரொம்ப நாள் கசந்தது.

அந்த டிசம்பரில் கேரல் முதல் தடவையாக, இந்தப் பதிவேட்டைப் போனில் காட்டும் ஆப்பைப் பார்த்துப் புறப்பட்டது. அதுவரை கேப்டன் நினைவிலிருந்தே போவார், பாதையில் இருக்கிற வீடு எதையும் விடமாட்டார். அம்மா இறந்த வருஷம்கூட வந்து பாடிவிட்டுத்தான் போனார்கள். இந்த வருஷம் நான் வீட்டு முன்பக்கச் சிட்டவுட்டில் நட்சத்திரம் கட்டி, முந்திரிக்கொத்து பொரித்து, பிளாஸ்கில் கட்டன்சாயாவும் போட்டு வைத்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் டிரம் சத்தம் வளைவில் கேட்டது. கேட் வரைக்கும் வந்தார்கள். கேப்டன் போனைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"பிள்ள, இதுல காட்டல்ல."

"எதுல?"

"ஆப்புல."

"அண்ணா, அந்த ஆப்ப எழுதினதே நான்தான."

"அது எனக்குத் தெரியாதா. ஆனா காட்டல்லியே."

அவருடைய முகத்தில் சங்கடம் இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஆப்பில் காட்டிய அடுத்த வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவரும் தலையைச் சொறிந்துகொண்டே போனார். கையில் முந்திரிக்கொத்துத் தட்டோடு கேட்டில் நின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. இந்த ஊரில் கேரல் நிற்காத வீடு என்றால் பூட்டிக் கிடக்கிற வீடு என்று அர்த்தம், நான் உள்ளே விளக்குப் போட்டு இருந்தேன்.

அடுத்த வீடு மாமியின் வீடு. உறவில் மாமி இல்லை, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமி. அவருடைய கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து, அங்கேயே மாரடைப்பில் இறந்து, பெட்டியில் வந்தவர். அடக்கம் செய்து வருஷங்கள் ஆகிவிட்டன. தட்டை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போனேன், பொரித்ததை யாராவது தின்ன வேண்டுமே.

பாட்டு முடிந்ததும் ஜெபிக்கச் சபை ஊழியர் முன்னால் வந்தார். போதகருக்கு உதவியாக இருக்கும் அவர் அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்தார். சபையில் யாரையும் தெரியாது. அதனால் கமிட்டி அவர் கையிலும் ஒரு போனைக் கொடுத்திருந்தது. அதில் அந்தக் குடும்பத்தின் ஆவணம் திறந்திருந்தது. தலைவர் பெயர், தொழில் எலக்ட்ரீஷியன், இடம் மஸ்கட். டிசம்பர் மாதம் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் தலைவர் இருக்கமாட்டார், வளைகுடாவில் இருப்பார். இந்த வீட்டிலும் ஆம்பிளை யாரும் இல்லை என்றால் அவருக்குச் சந்தேகம் வர நியாயமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, இந்த இல்லத்தின் தலைவராகிய எங்கள் சகோதரனை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். குடும்பத்தைப் பிரிந்து தூர இடத்துக்குப் போயிருக்கிற அவரை நீர் அறிவீர்."

டிரம் வைத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். கேப்டன் இரண்டு கண்ணையும் திறந்தார். ஜெபத்தின் நடுவில் பேசுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. வீட்டில் தீப்பிடித்தாலும் ஆமென் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"அங்குள்ள உஷ்ணத்தில் அவருடைய சரீர சுகத்தைக் காத்தருளும். மேலதிகாரிகளின் கண்களில் அவருக்குத் தயவு கிடைக்கச் செய்யும். வருகிற வருஷத்திலாவது லீவு கிடைத்து, அவர் பத்திரமாக வீடு வந்து சேர்ந்து, இந்தக் குடும்பத்தோடு பண்டிகையைக் கொண்டாடக் கிருபை செய்யும். ஜெபம் கேளும் நல்ல பிதாவே."

ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாமி மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து எல்லோருக்கும் முந்திரிக்கொத்து கொடுத்தார். ஊழியர் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அன்பாகக் கேட்டார்.

"அண்ணாச்சி எப்பம் வாறாவ?"

"அவருக்கு இனி லீவு ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாமி. "கல்லறைத் தோட்டத்துல ரெண்டாமத்த வரிசையில கெடக்காரு. நாளைக்கு அந்த வழியா போனா ஒண்ணு பாத்துட்டு வாரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பாவம் என்று தெரிந்ததால் இன்னும் வந்தது. கிணற்றடிப் பக்கம் போய் நின்று சிரித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் ஊழியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், யாரோ தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அன்று மாலை அவர் இப்படியே இன்னும் சில வீடுகளில் இறந்துபோன தலைவர்களுக்கு நீடித்த ஆயுளும் உத்தியோக உயர்வும் கேட்டு ஜெபித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுப் பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சபை ஊழியர் ஜெபிக்கிறார், ஏதாவது காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. பெண்கள் மனம் புண்பட்டதற்காகக் கூடியது என்று நீங்கள் நினைத்தால் எங்கள் கமிட்டியை உங்களுக்குத் தெரியவில்லை. கூடியது உபதேசத்துக்காக. நாங்கள் சீர்திருத்த சபை, இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்களிடம் கிடையாது. கமிட்டியிலேயே வயதான மூப்பர் எழுந்து நின்று பேசினார்.

"மரிச்சவங்களுக்கு ஜெபம் பண்ணுகியது மிஷனரிமாரு வந்த காலத்துல இருந்து இஞ்ச இல்ல. பக்கத்துச் சபைக்காரங்க கேட்டா என்ன நெனைப்பாங்க? அதுலயும் உஷ்ணம்னு வேற சொல்லியிருக்காரு. அந்த மனுஷன் எங்க போயிருக்காருன்னு நாம தீர்மானம் போட்ட மாதிரி ஆகாதா?"

செயலாளர் இது கம்ப்யூட்டரின் தவறு என்றார். நானும் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்தேன், கம்ப்யூட்டரின் சார்பாக. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க ஒரு இடம் வைக்கவா என்று கேட்டதையும், தேவையில்லாத விஷயம் என்று சார் சொன்னதையும் சொன்னேன். ஆயர் குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் என்றால் எங்கள் போதகர், நல்ல மனிதர், கமிட்டிக்கு நடுவில் ஒரு நல்ல மனிதர் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்பவர்.

இறந்தவர்களைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒருமனதாக முடிவானது. எடுத்தால் அந்த ஆவணங்களைத் திரும்பச் சேமிக்க முடியாது, தலைவர் இல்லாத குடும்பம் என்று சர்வர் தள்ளிவிடும் என்று சொன்னேன். அப்படியானால் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, ஓய்வுநாள் பள்ளியில் பாதி டீச்சர்கள், கோவிலைப் பெருக்குகிற அக்கா என்று புருஷனை இழந்தவர்கள் எல்லாரும் சபையில் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். பள்ளியில் தலைமையாசிரியர் இல்லாவிட்டால் இன்னொருவர் பொறுப்பு வகிப்பது இல்லையா, அதுபோலப் புருஷன் இறந்த வீட்டில் மனைவியின் பெயரைப் போட்டு அடைப்புக்குறிக்குள் பொறுப்பு என்று எழுதிவிடலாம். தலைவர் (பொறுப்பு). எல்லோருக்கும் நிம்மதி வந்தது.

"அப்ப நான் சார்?" என்று கேட்டேன்.

"ஒனக்கு மாப்பிள மரிக்கல்லியே."

"மரிக்கதுக்கு மொதல்ல ஒருத்தரு இருக்கணும்லா சார்."

ஆயர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். என் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் என்பது எங்கள் சபையில் ஒரு தேதி அல்ல, ஒரு நம்பிக்கை. தவறாக ஜெபித்த வீடுகளுக்குப் புது வருஷத்துக்கு முன்னால் இன்னொரு தடவை கேரல் போய்ச் சரியாக ஜெபித்துவிட்டு வர வேண்டும் என்றும் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

அந்த இரண்டாம் கேரல் மாமி வீட்டுக்கு வந்தபோது நான் என் வீட்டிலேயே இருந்தேன். நட்சத்திர விளக்கைப் போடவில்லை. சுவர் வழியாகப் பாட்டு கேட்டது, பிறகு ஜெபம் கேட்டது. இந்தத் தடவை ஊழியர் ரொம்ப ஜாக்கிரதையாக, உயிருள்ளவர்களுக்கு மட்டும் ஜெபித்தார். முடிந்து கிளம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது டிரம் என் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மாமி முன்னால் டார்ச் அடித்து வந்துகொண்டிருந்தார், பின்னால் கேரல் கோஷ்டி.

"மாமி, இந்த வீடு லிஸ்ட்ல இல்ல" என்று கேப்டன் மெதுவாகச் சொல்வது கேட்டது.

"லிஸ்ட்ல இருந்த எனக்க வீட்டுக்காரருக்கு ஒங்க ஜெபம் வேண்டாம்னு ஆச்சு. லிஸ்ட்ல இல்லாத்த இவளுக்கு வேணும். இவளுக்க வீட்டு நாயையாவது லிஸ்ட்ல போட்டிருந்தா நின்னிருப்பியல்லா? இவ நாய் வளக்கல்ல, அதான் குத்தமா? பாடுங்க மக்கா."

பாடினார்கள். கேப்டன் டிரம்காரரின் கையிலிருந்து குச்சியை வாங்கி அவரே அடித்தார், வேண்டியதற்கு மேலேயே அடித்தார். பாட்டு முடிந்ததும் ஊழியர் முன்னால் வந்தார். பழக்கத்தில் போனை எடுத்தார். ஒன்றும் காட்டவில்லை. கொஞ்சம் யோசித்து, போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, ஒங்களுக்கு என்ன ஜெபிக்கணும்?"

இந்த வீட்டில் எத்தனையோ கேரல் ஜெபித்திருக்கிறது. என் மார்க்குக்காக ஜெபித்தது, வேலைக்காக ஜெபித்தது, அதன் பிறகு பல வருஷம் என் கல்யாணத்துக்காக என்னைக் கேட்காமலே ஜெபித்தது. என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. பல நாளாக மனதுக்குள் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது, கமிட்டியின் ஒவ்வொரு ஆளுக்கும் அதில் பங்கு உண்டு. வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "இது ஒரு வீடுன்னு சொல்லி ஜெபிச்சா போதும்."

அவர் கண்ணை மூடினார். "பிதாவே, இது ஒரு வீடு" என்றார். "இதில் எங்கள் சகோதரி இருக்கிறார். வீட்டையும் அவரையும் ஆசீர்வதியும். ஆமென்."

அவ்வளவு சின்ன ஜெபத்தை எங்கள் சபையில் நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லார் முன்னாலும் அழுதேன். அன்று முந்திரிக்கொத்து இல்லை, கடையில் வாங்கிய ரஸ்க்தான் இருந்தது. அதைத்தான் கொடுத்தேன்.

அடுத்த வாரம் செயலாளர் போன் செய்தார். ஆண்டறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது.

"மோளே, ஒரு சிக்கல். கேரல் போன வீடு, சபையில உள்ள வீட்ட விட ஒண்ணு கூடுதலா இருக்கு. அறிக்கை பொருந்தல்ல. ஒனக்க வீட்டையும் சேத்துவிடு."

"தீர்மானம் இருக்கே சார்."

"அத நீயே எடுத்துவிடு. உள்ள யாரு வந்து பாக்கப் போறாங்க? பேருக்குப் பெறகு பொறுப்புன்னு மட்டும் போட்டுக்க."

"யாருக்குப் பதிலா சார் நான் பொறுப்பு?"

அவர் யோசித்தார். "இனி வரப் போறவருக்கு."

"அவரு வரும்போது நம்ம எல்லாரும் சேர்ந்துதான பாக்கணும் சார்" என்றேன். சபையில் வரப் போகிறவர் என்றால் இயேசு ஒருவர்தான். வேதம் தெரிந்தவர், மறுத்துப் பேசவில்லை. சரி, பொறுப்பு வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நீதிக்காகவும் நடக்காதது, உபதேசத்துக்காகவும் முழுசாக நடக்காதது, ஒரு கூட்டல் பொருந்தாததால் நடந்தது. நான் குறை சொல்லவில்லை. வந்த வழி எதுவானாலும் வாசல் முன்வாசல்தான்.

சர்வரில் அந்தத் தீர்மானம் சில வரிகளாகத்தான் இருந்தது. ஆண்தானா என்று கேட்கும் வரியையும், சிவப்பு எழுத்து வாக்கியத்தையும் அழித்தேன். அப்போது மாமி பழத்தொலி எடுத்துப் போக வந்திருந்தார், ஆட்டுக்கு. பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். என் விவரங்களைப் படிவத்தில் போட்டேன். கல்வெட்டு இல்லை, வண்டி இல்லை, நாய் இல்லை. பொத்தானை அழுத்தினேன். சேர்க்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது, கூடவே ஒரு நீண்ட எண்ணும் வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மாமி.

"இவ்வளவுதான் மாமி."

"இதுக்கா அங்க உக்காந்து அவ்வளவு பேரும் சாயா குடிச்சாங்க." கொஞ்ச நேரம் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்ன என்னையும் ஒருக்கச் சேரு."

"நீங்கதான் ஏற்கெனவே இருக்கியளே. பொறுப்புன்னு மாத்தி வச்சிருக்கேன்."

"அது அவருக்க கவரு. அதுல அவருக்க பேருக்கு முன்னால திருமதின்னு ஒட்டி வச்சிருக்கு. பொறுப்பும் அவருக்க பொறுப்புதான். அவரு நல்ல மனுஷன், அவரு பேரு அங்ஙன இருந்துட்டுப் போட்டு. நான் பறையது, என்னைய."

புதிய படிவத்தைத் திறந்தேன். முதல் இடம் தலைவர். விரலை விசைப்பலகையில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான், தலைவர் என்று என் பெயரைப் போடாததற்காக அத்தனை ஆட்டம் ஆடியவள்.

"மாமி, ஒங்க பேரு என்ன?"

அவர் தொலிச் சாக்கைக் கீழே வைத்தார். சேலையைச் சரி செய்துகொண்டு, தொண்டையைச் செருமி, பள்ளியில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பவர் மாதிரி நின்று, தெளிவாகச் சொன்னார்.